ஐசி ஆம்பில் கெப்பாசிட்டரை மாற்றுவதா, ஒயரை மாற்றுவதா?

கேள்வி, ஜனவரி 7

எல்எம்3886 என்ற ஆம்ப் ஐசி இரண்டு போட்டு ஸ்டீரியோ ஆம்ப் கட்டி முடித்துவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24, சப்ளையில் பிளஸ், மைனஸ் என்று பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஸ்பீக்கர் 4 ஓம். பாட்டு நன்றாகத்தான் வருகிறது, ஆனால் இரண்டு குறை. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்த பிறகும் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தால் 'ஜ்ர்ர்' என்று ஒரு சத்தம். வால்யூமைக் கூட்டினால் பேஸ் வரும் இடங்களில் மட்டும் படபடவென்று வெடிக்கிறது. ஐசி ஆம்ப் எல்லாம் விளையாட்டுச் சாமான், டிரான்சிஸ்டரில் கட்டு என்கிறார் ஒரு நண்பர். கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் ஆடியோ கிரேடாக மாற்று என்கிறார் இன்னொருவர். எந்தக் கெப்பாசிட்டர் வாங்கலாம்?

ஜனவரி 7, இரவு

ஒன்றும் வாங்க வேண்டாம். இரண்டு குறைக்கும் கெப்பாசிட்டரின் பெயரோடு சம்பந்தமே இல்லை.

முதலில் வெடிப்பு. 24-0-24 என்றால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு கிட்டத்தட்ட ±33 வோல்ட், சும்மா இருக்கும்போது ±35 வரை போகும். அதை 4 ஓம் ஸ்பீக்கரோடு சேர்த்தால் அந்த ஐசி தாங்காது. தாங்காது என்றால் செத்துப்போகாது, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். 3886க்குள் ஸ்பைக் என்று ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. வெளியீட்டு டிரான்சிஸ்டர் அந்தந்த நொடியில் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்து, எல்லை தாண்டினால் கரண்டை வெட்டிவிடும். அந்த வெட்டுதான் உங்கள் காதில் படபடவென்று கேட்கிறது. பேஸ் வரும்போதுதான் கரண்டு அதிகம், அதனால்தான் அங்கே மட்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐசி அதிகபட்சம் எரிக்கும் வெப்பம் என்பது மொத்த வோல்டேஜின் (±35 என்றால் 70) வர்க்கத்தை, 2 பெருக்கல் பை வர்க்கம் பெருக்கல் ஸ்பீக்கர் ஓமால் வகுத்தால் வருவது. ±35, 4 ஓம் என்றால் 62 வாட். ±28, 4 ஓம் என்றால் 40 வாட். ±35, 8 ஓம் என்றால் 31 வாட். ஐசி கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் 4 ஓமுக்கு ±28, 8 ஓமுக்கு ±35 என்று பிரித்துப் போட்டிருப்பதன் காரணம் இதுதான். 62 வாட்டை அந்த 11 கால் பொட்டலத்தின் ஒரு சின்ன உலோக முதுகு வழியாக வெளியேற்ற வேண்டும். எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் மாட்டினாலும் சிலிக்கானிலிருந்து முதுகு வரைக்கும் இருக்கிற தடை உங்கள் கையில் இல்லை.

ஆக 4 ஓம் ஸ்பீக்கர்தான் என்று முடிவாக இருந்தால் 20-0-20 டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், ±27 கிடைக்கும். 18-0-18 இருந்தாலும் மோசமில்லை. வோல்டேஜைக் குறைத்தால் பவர் போய்விடுமே என்று தோன்றும். வெட்டி வெட்டி வருகிற பவர் இருந்தென்ன, போயென்ன.

ஜனவரி 8

சொன்னதை நம்பாமல் சோதிக்க வேண்டுமென்றால், யாரிடமாவது 8 ஓம் ஸ்பீக்கர் வாங்கி அதே ஆம்பில் மாட்டி, அதே சத்தத்துக்கு வைத்துப் பாருங்கள். வெடிப்பு போய்விட்டால் விஷயம் முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஜனவரி 8, மாலை

நண்பர் சொன்ன 'விளையாட்டுச் சாமான்' பற்றி. 60 வாட்டில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை 0.03 சதவீத டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, என்று டேட்டாஷீட் சொல்கிறது. வீட்டில் கட்டும் டிரான்சிஸ்டர் ஆம்பில் அந்த எண்ணைத் தொடுவது நடக்காத காரியம் இல்லை, ஆனால் பயஸ் செட் பண்ணி, டிரான்சிஸ்டர் ஜோடி பார்த்து, வெப்பத்துக்கு ஈடுகட்டி, ஷார்ட் ஆனால் காப்பாற்றத் தனிச் சுற்று போட்டு என்று வேலை நீளும். ஐசிக்காரன் அதையெல்லாம் உள்ளேயே முடித்துவிட்டான். நமக்கு மிச்சம் வைத்திருப்பது பவர் சப்ளை, கிரவுண்டு ஒயர், ஹீட்சிங்க், போர்டு, பெட்டி. ஐசி ஆம்ப் நன்றாகப் பாடுகிறதா இல்லையா என்பது இந்த மிச்சத்தில்தான் முடிவாகிறது. இந்த இழை முழுக்க நான் சொல்லப்போவதும் சுற்றிச்சுற்றி அதுதான்.

ஜனவரி 10

இப்போது அந்த 'ஜ்ர்ர்'.

முதலில் எந்தச் சத்தம் என்று காதால் பிரியுங்கள். ஒரே சீராக 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் வந்தால் மின்சாரத்தின் அதே அதிர்வெண், 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து காற்று வழியாகவோ, இன்புட் கேபிளின் ஷீல்டு வழியாகவோ வருகிறது. முள் முள்ளாக 'ஜ்ர்ர்' என்று வந்தால் அதன் இரட்டிப்பு, 100 அல்லது 120 ஹெர்ட்ஸும் அதன் குட்டிகளும். அது ரெக்டிஃபையர் கெப்பாசிட்டரை நிரப்பும் கரண்டு. உங்களுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது.

அடுத்து, இன்புட் கேபிளைக் கழற்றிவிட்டு, போர்டிலேயே இன்புட்டையும் அதன் கிரவுண்டையும் ஒரு துண்டு ஒயரால் ஷார்ட் செய்யுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி வெளியே, நிற்காவிட்டால் பெட்டிக்குள்ளே.

உள்ளே என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் நடப்பது இது: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்றின் மைனஸையும் மற்றதின் பிளஸையும் ஒரு தடித்த ஒயர் இணைக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரும் அங்கேதான் வந்து சேரும். 'எல்லா கிரவுண்டும் ஒரே புள்ளி' என்று எங்கோ படித்ததால் ஸ்பீக்கர் மைனஸ், இன்புட் கிரவுண்டு எல்லாவற்றையும் அந்த ஒயரிலேயே ஆளுக்கு ஒரு இடத்தில் சால்டர் வைத்துவிடுவோம். மீட்டரில் பார்த்தால் எல்லாம் பூஜ்யம் ஓம். ஆனால் அந்த ஒயரில் ஓடுவது சீரான கரண்டு இல்லை, குத்துக் குத்தாக ஓடுகிறது. பாட்டு ஓடும்போது ஒவ்வொரு குத்தும் 10 ஆம்பியர் வரை போகலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.6 மில்லி ஓம். 10 ஆம்பியர் ஓடினால் இரண்டு முனைக்கும் நடுவே 6 மில்லிவோல்ட். இன்புட் கிரவுண்டு ஒரு முனையிலும் மற்றது இன்னொரு முனையிலும் இருந்தால், அந்த 6 மில்லிவோல்ட் பாட்டோடு பாட்டாக ஐசிக்குள் போய் 21 மடங்காகி (வழக்கமான சுற்றின் கெயின், அதாவது பெருக்கம், அவ்வளவு) வெளியே வரும். பாட்டில்லாமல் சும்மா இருக்கும்போது குத்து 1 ஆம்பியர் அளவுதான், அப்போதும் ஸ்பீக்கரில் 12 மில்லிவோல்ட் வந்துவிடுகிறது. காதை வைத்தால் கேட்கும், நீங்கள் சொன்ன மாதிரியே.

வேலை இவ்வளவுதான். கெப்பாசிட்டர் இரண்டையும் இணைக்கும் அந்த ஒயரைத் தனியாக விடுங்கள். அதன் நடுவிலிருந்து தனி ஒயர் ஒன்று கிளப்பி, கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் ரிட்டர்ன், போர்டு கிரவுண்டு எல்லாம் அந்தப் புது புள்ளியில். நிரப்புகிற கரண்டு அந்த வழியாக வராது, அங்கே வேலையே இல்லை அதற்கு.

கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் இந்தச் சத்தம் போய்விடும் என்று சொல்வார்கள். தலைகீழ். கெப்பாசிட்டர் பெரிதாகப் பெரிதாக, நிரம்பும் நேரம் சுருங்கி குத்து இன்னும் கூர்மையாகும். ஒயர் தப்பான இடத்தில் இருந்தால் 'ஜ்ர்ர்' கூடத்தான் செய்யும்.

ஜனவரி 11

ஸ்டீரியோ என்பதால் இன்னொரு பொறி இருக்கிறது. இடது வலது இரண்டு போர்டின் கிரவுண்டும் பவர் சப்ளையில் சேருகிறது. அதே இரண்டும் இன்புட் கேபிள் வழியாகப் போய் சிடி பிளேயரிலோ போனிலோ மறுபடி சேருகிறது. ஒரு வட்டம் உண்டாகிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் ஹம், அந்த 'ம்ம்ம்' சத்தம். இரண்டு இன்புட் ஒயரையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டுபோனால் வட்டம் சின்னதாகும், பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும். மீதிக்கு, ஒவ்வொரு போர்டிலும் இன்புட் கிரவுண்டுக்கும் பவர் கிரவுண்டுக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர். ஃபீட்பேக்கின் (வெளியீட்டில் ஒரு பங்கை ஐசியின் இன்புட்டுக்கே திருப்பும் சுற்றின்) கீழ் ரெசிஸ்டரும் வால்யூம் கண்ட்ரோலும் இன்புட் கிரவுண்டு பக்கம் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் பவர் கிரவுண்டு பக்கம்.

ஒரே ஒரு விஷயத்தில் விளையாடாதீர்கள். ஹம் போகிறதென்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உலோகப் பெட்டி எப்போதும் எர்த்தில் இருக்க வேண்டும், நேராக, தடித்த ஒயரில். ஆடியோ கிரவுண்டையும் பெட்டியையும் பிரிக்க வேண்டுமென்றால், அந்த இரண்டுக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டரும், கூடவே 25 அல்லது 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை எதிரெதிர் டயோடாகக் கட்டியும் போடலாம். சின்ன வோல்டேஜுக்கு அது ரெசிஸ்டர் மாதிரி இருக்கும், கோளாறு வந்து பெரிய கரண்டு பாய்ந்தால் டயோடு திறந்து ஃபியூஸ் போய்விடும்.

ஜனவரி 13

'ஜப்பான்காரன் 1,000 மைக்ரோதானே போட்டான், நீங்கள் 10,000 என்கிறீர்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 47 லேபரட்டரி 1999இல் விட்ட கெயின்கார்டு பற்றிச் சொல்கிறார். உள்ளே எல்எம்3875 ஐசி, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய உதிரி பாகங்கள், பக்கத்துக்கு 1,000 மைக்ரோஃபாரட், வெளியே அழகான அலுமினியப் பெட்டி. அதைத் திறந்து பார்த்தவர்கள் இவ்வளவுதானா என்று ஆளாளுக்குக் கட்ட ஆரம்பித்ததில்தான் கெயின்குளோன் என்ற பெயரே வந்தது. வீட்டில் ஐசி ஆம்ப் கட்டுகிற நாம் எல்லோரும் ஒருவிதத்தில் அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் அதிலிருந்து 'சின்ன கெப்பாசிட்டர்தான் வேகமான சத்தம் தரும்' என்று ஒரு வேதவாக்கு கிளம்பிவிட்டது, அதை நான் ஏற்கவில்லை. 1,000 மைக்ரோவில் 1 ஆம்பியர் இழுத்தால் சப்ளை 8லிருந்து 10 வோல்ட் வரை ஏறி இறங்கும். மெல்லக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கூட்டியதும் பேஸ் முதலில் தட்டிவிடும், பேஸ் மெலிந்தால் பாட்டு சுறுசுறுப்பாக இருப்பதாகக் காது நினைத்துக்கொள்ளும். எனக்கு 4,700லிருந்து 10,000 வரை போதும். அதற்கு மேல் போடுகிறவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் முதல் தடவை ஸ்விட்ச் போடும்போது காலி கெப்பாசிட்டர் இழுக்கும் கரண்டில் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14

மேலே 'ஒரே புள்ளி' பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் 100 நானோ கெப்பாசிட்டரின் கிரவுண்டைக்கூடத் தனி ஒயர் போட்டு, ஒரு சாண் தூரம் இழுத்துக்கொண்டுபோய் ஸ்டாரில், அதாவது அந்த ஒரே புள்ளியில், வைத்திருக்கிறார். படம் பார்த்தேன். அதற்காக நான் அதை எழுதவில்லை.

ஐசி காலுக்குப் பக்கத்தில் வைக்கிற கெப்பாசிட்டர்களின் வேலையே பக்கத்தில் இருப்பதுதான். பிளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என 100 நானோ செராமிக், எக்ஸ்7ஆர் வகை, காலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். அதோடு 22லிருந்து 100 மைக்ரோ வரை எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, அதுவும் ஒட்டினாற்போல். அவற்றின் கிரவுண்டு முனைகள் இரண்டும் முதலில் தங்களுக்குள் குட்டையாகச் சேர்ந்து, பிறகு ஒரே ஒயராக மெயின் புள்ளிக்குப் போகட்டும். 3886இல் பிளஸ் 1, 5 இரண்டு காலிலும் வருகிறது, இரண்டையும் இணைக்க வேண்டும். மைனஸ் 4. வெளியீடு 3.

ஆக ஸ்டார் என்பது முதல்படிதான். நான் இப்போதெல்லாம் வரிசையாகவே யோசிக்கிறேன்: பவர் சப்ளை, அடுத்து ஸ்பீக்கர் ரிட்டர்ன், அடுத்து ஐசி பக்கத்துக் கெப்பாசிட்டர், கடைசியில் இன்புட். பெரிய கரண்டு ஓடுகிற துண்டு, சின்ன சிக்னலின் கிரவுண்டு வழியில் குறுக்கிடக் கூடாது. போர்டு நீங்களே வரைந்தால் இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14, பின்னிரவு

பக்கத்துக் கெப்பாசிட்டர் தூரமாகிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், ஐசி இன்புட்டே இல்லாமல் தானாக ஆட (ஆசிலேட்) ஆரம்பித்து ரேடியோ ஸ்டேஷன் ஆகிவிடும். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த போர்டு அப்படித்தான் இருந்தது. பாட்டே போடவில்லை, ஹீட்சிங்க் கை வைக்க முடியாத சூடு. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. ஏனென்றால் ஆடுகிற அதிர்வெண் காதுக்கு எட்டாத உயரம். பக்கத்தில் ஒரு பழைய ஏஎம் ரேடியோவை வைத்து முள்ளைத் திருகிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ரேடியோ அலறும், ஆம்பை அணைத்தால் நிற்கும். ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும் உபாயம். ரேடியோ சும்மா இருந்தால் ஆம்ப் சுத்தம் என்று சான்றிதழ் எழுதிவிட முடியாது, அலறினால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. 3886 பத்து மடங்குக்குக் குறையாத கெயினில்தான் நிலையாக நிற்கும். 'கெயினைக் குறைத்தால் இரைச்சல் குறையும்' என்று ஐந்து மடங்குக்கு வைத்தால் ஆடத்தான் செய்யும். நீளமான ஸ்பீக்கர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் தொல்லை பண்ணும், அதற்குத்தான் வெளியீட்டில் 10 ஓம் ரெசிஸ்டரும் அதற்கு இணையாக 0.7 மைக்ரோஹென்றி காயிலும். வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.7 ஓமும் 100 நானோவும் தொடராக. டேட்டாஷீட் படத்தில் இவற்றை 'விருப்பம் இருந்தால்' என்ற ரீதியில் போட்டிருப்பார்கள். எனக்கு எப்போதும் விருப்பம் உண்டு.

ஜனவரி 17

மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: எல்லாம் சரி, சப்ளை வருகிறது, சூடும் இல்லை, சத்தமும் இல்லை. ஐசி போய்விட்டதா?

8ஆம் காலைப் பாருங்கள். அது மியூட். சும்மா விட்டால் ஐசி வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காலிலிருந்து மைனஸ் சப்ளைக்கு அரை மில்லிஆம்பியராவது வெளியேற வேண்டும். ±28 என்றால் 28இல் 2.6 கழித்து 0.5 மில்லிஆம்பியரால் வகுத்தால் 50 கிலோ ஓம் சொச்சம். அதுதான் உச்சவரம்பு. 22 அல்லது 33 கிலோ ஓம் போட்டால் நிம்மதி. ஒரு 100 மைக்ரோ கெப்பாசிட்டரையும் சேர்த்துவிட்டால், ஸ்விட்ச் போட்டதும் ஒரு நொடி பொறுத்து மெல்லத் திறக்கும், 'டப்' என்ற அடி இருக்காது. இந்த ஒரு ரெசிஸ்டர் இல்லாமல் குப்பைக்குப் போன நல்ல ஐசிகள் எத்தனையோ.

3875இல் மியூட் கால் கிடையாது, அந்தச் சுற்றைப் பார்த்து 3886ஐக் கட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள்.

ஜனவரி 18

ஹீட்சிங்க். எல்எம்3886இல் டி என்று முடிந்தால் உலோக முதுகு, அது மைனஸ் சப்ளையோடு இணைந்தது. டிஎஃப் என்று முடிந்தால் முழுக்க பிளாஸ்டிக், நேராகத் திருகலாம், ஆனால் வெப்பம் கொஞ்சம் மெதுவாகக் கடக்கும். இதே மாதிரி ஆம்ப் ஐசிகளான டிடிஏ7293, 7294 இரண்டுக்கும் முதுகு மைனஸ்தான். உலோக முதுகுக்கு மைகா அல்லது சிலிக்கான் தாள், ஸ்குரூவுக்கு பிளாஸ்டிக் வாஷர். மாட்டியதும், சப்ளை கொடுக்கும் முன், முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஹீட்சிங்கில் துளை போட்டபோது ஓரத்தில் நின்ற ஒரு பிசிறு போதும், மைகாவைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வர. துளை போட்டதும் பெரிய டிரில் பிட்டைக் கையால் பிடித்து ஓரத்தை ஒரு சுற்று வழித்துவிட வேண்டும். பேஸ்ட் மெல்லிசாகத் தடவினால் போதும், தோசைக்கு நெய் விடுகிற தாராளம் இங்கே வேண்டாம்.

ஜனவரி 21

'டிபிஏ3116 போர்டு உள்ளங்கை அளவில் 100 வாட் தருகிறதே, எதற்கு இந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்கும்?'

நியாயமான கேள்வி. அது கிளாஸ் டி, டிரான்சிஸ்டரை வேகமாகப் போட்டு அணைத்து ஓட்டும் வகை, சூடு குறைவு, லேப்டாப் அடாப்டரிலேயே ஓடும். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், வேலை செய்யும் மேசைக்கு அதுதான். ஆனால் அந்த 100 வாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர். வெளியீடு அதிகபட்சம் 24 வோல்ட் உச்சி வரைதான் ஆடும். 24இன் வர்க்கம் 576, அதை 16ஆல் வகுத்தால் 36 வாட். அதுவும் ஒரு இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால். ஐசி தயாரித்தவர்களே 21 வோல்டில் 4 ஓமுக்கு 50 வாட் என்றுதான் போட்டிருக்கிறார்கள், அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில். போர்டில் அச்சடித்த 100, இரண்டு சேனலையும் கூட்டி வந்த 100. மூன்றாவது ஸ்பீக்கர் இல்லாதவரைக்கும் சந்தோஷம்.

முக்கியமான எச்சரிக்கை: அதில் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டு இல்லை. ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஐசிதான் ஓட்டுகிறது. இடது வலது மைனஸைச் சேர்ப்பது, ஹெட்ஃபோன் ஜாக் இழுப்பது, ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அதில் மாட்டுவது எல்லாம் ஐசிக்குப் பாதுகாப்புச் சோதனை. பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், ஆனால் சோதிக்க வேண்டாம்.

ஜனவரி 22

கெப்பாசிட்டரைப் பற்றி நான் அலட்சியமாகப் பேசுகிறேன் என்று ஒரு குற்றச்சாட்டு. எங்கே மாற்றினால் காதுக்கே தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

இன்புட்டில் கெப்பாசிட்டரே போடாமல், வால்யூம் கண்ட்ரோலை நேராக ஐசியின் 10ஆம் காலுக்குக் கொடுத்தால், குமிழைத் திருகும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வரும். புது கண்ட்ரோல் வாங்கிப் போட்டாலும் வரும். காரணம் அழுக்கில்லை. அந்தக் கால் வழியே 0.2 மைக்ரோஆம்பியர் போல ஒரு சின்ன கரண்டு எப்போதும் ஓடுகிறது, அது கண்ட்ரோலின் தடத்தில் டிசியாக விழுகிறது, வழுக்கும் முனை நகரும்போது அந்த டிசி துள்ளுகிறது. கண்ட்ரோலுக்கும் ஐசிக்கும் நடுவே 1 மைக்ரோ ஃபிலிம் கெப்பாசிட்டர், அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம். 7 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் போகும், சரசரப்பு நின்றுவிடும். இது கெப்பாசிட்டர் செய்த மாற்றம், நிஜமான மாற்றம், எந்தக் கம்பெனி கெப்பாசிட்டரும் செய்யும்.

இரண்டாவது, ஃபீட்பேக்கில் 1 கிலோ ஓமுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வரும் கெப்பாசிட்டர். அதை எடுத்துவிட்டு நேராக ஒயர் போட்டால் சத்தம் தூய்மையாகும் என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் ஐசியின் உள் ஆஃப்செட்டும், அதாவது அதற்குள்ளேயே இருக்கும் சின்ன டிசி வித்தியாசமும், 21 மடங்காகும். வழக்கமாக 1 மில்லிவோல்ட், மோசமான ஐசியில் 10 வரை போகலாம். அப்படியென்றால் ஸ்பீக்கரில் 21லிருந்து 210 மில்லிவோல்ட் வரை டிசி நிற்கும். கெப்பாசிட்டர் இருந்தால் டிசிக்குக் கெயின் ஒன்றுதான். 22 மைக்ரோ போட்டால் 7 ஹெர்ட்ஸில் சரியத் தொடங்கும், பேஸ் பிரியர்கள் 100 அல்லது 220 போடலாம். பெரிதாக இருந்தால் அதன் குறுக்கே ஆடியோ வோல்டேஜே விழாது, விழாத இடத்தில் அது என்ன டிஸ்டார்ஷன் செய்துவிடப் போகிறது?

மற்ற இடங்களில் மாற்றிப் பார்த்து மாற்றம் கேட்டது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேட்டிருக்கலாம். யாராவது திரைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொடுக்க, எது எது என்று தெரியாமல் கேட்டுச் சொன்னால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

ஜனவரி 25

டூப்ளிகேட் ஐசி பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். 3886, டிடிஏ7294, எல்எம்1875, டிடிஏ2050 எல்லாவற்றுக்கும் போலி உலவுகிறது. எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது, எழுத்தைப் போலியாக அடிப்பதுதான் அவர்கள் நன்றாகச் செய்கிற ஒரே வேலை. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். கையில் ஏற்கெனவே இருப்பதை, குறைந்த வோல்டேஜில் முதலில் ஓட்டி, பிறகு ஏற்றுங்கள். போலி 7294 பெரும்பாலும் வோல்டேஜை முழுசாகக் கொடுத்ததும்தான் சாயம் வெளுக்கும்.

அதனால் சீரீஸ் லாம்ப் இல்லாமல் முதல் முறை ஸ்விட்ச் போடவே போடாதீர்கள். மெயின் சப்ளைக்குத் தொடராக 60 வாட் குண்டு பல்பு, எல்ஈடி உதவாது. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், பல்புதான் எரிகிறது, ஐசி எரியவில்லை என்று நன்றி சொல்லிவிட்டு அணையுங்கள். அந்தச் சமயத்தில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கக் கூடாது. வெளியீட்டில் டிசி அளந்து, சில பத்து மில்லிவோல்டுக்குள் இருந்தால் அப்புறம் மாட்டுங்கள். ஐசி செத்தால் முழு சப்ளையும் ஸ்பீக்கருக்குள் போகும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும், யுபிசி1237 ஐசி வைத்த ரிலே போர்டு ஒன்று சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். 20-0-20 டோராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டியதும் வெடிப்பு இல்லை. கிரவுண்டு புள்ளியைத் தள்ளி வைத்ததும் 'ஜ்ர்ர்' போய்விட்டது. இப்போது லேசாக ஒரு 'ம்ம்' மட்டும், இடது சேனலில்.

இடது போர்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். போல்டைத் தளர்த்தி, ஆம்ப் ஓடும்போதே, ஒரு கையால் மட்டும், டோராய்டை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒயர்கள் வெளியே வரும் இடத்தில்தான் கசியும் காந்தப்புலம் அதிகம், அந்தப் பக்கம் இன்புட்டை விட்டு விலகும்போது சத்தம் சட்டென்று இறங்கும். மெயின் ஒயர்கள் எல்லாம் மூடி, இன்சுலேட் செய்து இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அணைத்து, திருப்பி, போட்டுக் கேளுங்கள், நேரம்தானே ஆகும்.

இடம் கிடைத்ததும் போல்டை இறுக்குவீர்கள். மூடி போடும்போது போல்டின் தலை மூடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். கீழே பெட்டியையும் மேலே மூடியையும் ஒரே நேரத்தில் தொட்டால், போல்டும் பெட்டியும் சேர்ந்து டோராய்டின் நடுவே ஒரு சுற்று ஷார்ட் ஆன காயில் ஆகிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். தலைக்கும் மூடிக்கும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். போல்டு நீளமென்றால் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள்.